கரையில் அவள் பேசுவாள்

"ஆபீசரு இல்லியாம்யா. ஏரிக்குப் பூட்டாராம்."

பங்களா கேட்டைத் தாண்டி வெளியே வந்த குணசுந்தரி இப்படிச் சொன்னதும் ரகுபதிக்குத் தலைக்கு ஏறிய கோபத்தில், ஊட்டிக் குளிரே ஒரு நிமிஷம் விட்டுப்போயிற்று.

"ஏரிக்கா? காலங்காத்தால ஏரில இன்னா வேல அந்த ஆளுக்கு? தூண்டி போடப் பூட்டானா?"

"மெதுவா பேசுய்யா. உள்ள கேக்கும்."

"கேக்கட்டும்! மெட்ராஸ்லேர்ந்து ரயில்ல குந்திகினு வந்து, சத்திரத்துல வெறுந்தரைல ராத்திரி பூரா பல்லு கிட்டிகினு கெடந்து, இங்க வந்து அரை மணி நேரமா நாய் மாரி நின்னுகினு கீறேன். ஒரு கையெய்த்து! ஒரே ஒரு கையெய்த்து! அத்தப் போட்டுட்டு ஏரிக்குப் போனா ஏரி வத்திப் பூடுமா?"

அவன் தோளில் ஓலைப்பாயில் சுற்றிய மூட்டை ஒன்று இருந்தது. உள்ளே ஆறு வஞ்சிரக் கருவாடு. ஒவ்வொன்றும் கை நீளம். ஆபீசருக்குக் கொடுக்க ராயபுரத்திலிருந்து கொண்டுவந்தது. ரயிலில் அந்த மூட்டைக்குப் பக்கத்தில் யாருமே உட்காராததால் புருஷனும் பெண்டாட்டியும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தார்கள். இந்தப் பயணத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

விஷயம் இதுதான். ரகுபதியும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஒரு கட்டுமரம், ஒரு வலை வைத்திருந்தார்கள். போன மாசம் அடித்த புயலில் வலை கிழிந்து போயிற்று. புது வலை பின்ன நூல் வேண்டும். யுத்தம் முடிந்து நாலு வருஷம் ஆகியும் நூல் கடையில் கிடைக்கவில்லை, பர்மிட் வேண்டும். பர்மிட்டில் ஆபீசர் கையெழுத்து வேண்டும். ஆபீசரோ வெயிலுக்குப் பயந்து ஆபீஸையே தூக்கிக்கொண்டு ஊட்டிக்கு வந்துவிட்டார். நாளைக்குப் புதன்கிழமை, மாசக் கடைசி. நாளை மத்தியானத்துக்குள் கையெழுத்தோடு காகிதத்தை நூல் டிப்போவில் நீட்டாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். அடுத்த நூல் ஆறு மாசம் கழித்துத்தான். ஆறு மாசம் அஞ்சு வீட்டிலும் உலை வைக்க என்ன வழி? இன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணி பஸ்ஸில் மலை இறங்கினால் ராத்திரி ரயிலைப் பிடித்து விடிகாலையில் மதராஸ் போய்விடலாம். அந்த பஸ்ஸை விட்டால் போயிற்று.

"அப்ப நீயே உள்ள போயி கேக்கறது!" என்றாள் குணசுந்தரி.

ரகுபதி சட்டென்று நாலடி பின்னால் போனான்.

அவன் போகமாட்டான். அவன் அப்பனும் போனதில்லை. அவர்கள் குப்பத்தில் எந்த வீட்டிலும் அப்படித்தான். தண்ணீரில் ஆம்பிளை ராஜா. புயலிடமும் சுறாவிடமும் அவன் பேசிக்கொள்வான். கரைக்கு வந்து மீனை மணலில் கொட்டியதோடு அவன் வேலை முடிந்தது. அதற்குமேல் ஏலக்காரன், வியாபாரி, வட்டிக்காரன், போலீஸ்காரன், பள்ளிக்கூட வாத்தியார், எல்லாரிடமும் பேசவேண்டியது பெண்டாட்டி. ஆம்பிளை பத்தடி தள்ளி நின்று பீடி குடித்துக்கொண்டு முறைப்பான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ரகுபதி கரையில் ஒரு ஆபீசரிடமோ சேவகனிடமோ ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால்தான் பெண்டாட்டியையும் ஊட்டிக்கு இழுத்துக்கொண்டு வந்தான். அதனால்தான் இன்று காலையிலும் பெரிய மீசையும் மார்பில் குறுக்கே சிவப்பு டவாலிப் பட்டையுமாக ஒரு சேவகர் கேட்டைத் திறந்து குணசுந்தரியை உள்ளே கூட்டிப்போனபோது, அவன் எதிர்ச் சாரியில் நின்று மரத்தை முறைத்துக்கொண்டிருந்தான்.

"சரி, வரட்டும். இங்கியே நிக்கலாம்," என்றான்.

"எப்ப வருவாரோ தெரியாதாம். ஏரிக்கே போயிப் பாத்துட்டா ஜல்தி வேல முடியும்."

"காயிதம் எங்க?"

"எங்கிட்டதான் கீது. பத்திரமா கீது."

"ஏரி எங்க கீது?"

அதற்குள் குணசுந்தரி கை காட்டி ஒரு வாடகைக் காரை நிறுத்திவிட்டாள். கார் என்று சொன்னால் மற்ற கார்கள் கோபித்துக்கொள்ளும். ஒரு கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஓட்டி வந்த சௌக்கத் அலி தலையை வெளியே நீட்டினார். மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார். முகம் மலர்ந்தது.

"அண்ணே, மூட்டையில என்ன? வஞ்சிரமா?"

"உனக்கு இன்னாத்துக்கு?" என்று ரகுபதி சீறினான்.

"அடடா! இந்த மலையில பொறந்து வளந்தவன் அண்ணே நான். இங்க வந்து சேர்றதெல்லாம் நெத்திலித் தூளு. முழு வஞ்சிரம் கண்ணால பாத்து வருஷமாச்சு."

குணசுந்தரி புருஷனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். மீன் ஏலத்தில் நிற்பதுபோல இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னா பாய், ஏரிக்கு ஒரு கருவாடு. சம்மதமா?"

"அம்மா, ரெண்டு குடுத்தா..."

"ஒண்ணு. வாலோட."

"ஏறுங்க!"

"ஏமே! அது ஆபீசருக்குடி!" என்று ரகுபதி அலறினான்.

"ஆபீசரு ஆறு கருவாட்டையும் தனியா துன்னுவாரா? அஞ்சு போதும். ஏறுய்யா."

ஏரியைப் பார்த்ததும் ரகுபதிக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாளில் அவன் சிரித்தது அது ஒன்றுதான். அதுவும் கோபச் சிரிப்பு.

"இதுவா ஏரி? இந்தக் குட்டையப் பாக்கவா என் கையெய்த்த வுட்டுட்டு வந்தான் அந்தப் பேமானி?"

குணசுந்தரி அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, படகுத்துறை ஆளிடம் போய்க் குசுகுசுவென்று பேசினாள். அந்த ஆள் கையை நீட்டி நீட்டி என்னவோ சொன்னான். திரும்பி வந்தாள்.

"அதோ, நட்ட நடுவுல வெள்ளத் தொப்பி போட்டுகினு ஒருத்தரு போறாரு பாரு. அவராட்டம்தான் கீதாம்."

"கூப்புடு."

"அம்மாந்தூரத்துலேர்ந்து கூவுனா மரியாதையா இருக்குமா? படகுல போயி, பக்கத்துல நின்னு, கும்பிட்டுக் கேக்கணும்."

"அப்ப நான் போறேன்."

"போயி? நீ பேசுவியா?"

ரகுபதி மடியில் பீடியைத் தேடினான்.

"அப்ப நானும் வரணும்," என்றாள் குணசுந்தரி.

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பொம்பள தோணில ஏர்றதா? இன்னா பேச்சு பேசற? எங்க ஆத்தா ஏறுனாளா? உங்க ஆத்தா ஏறுனாளா? கடல் பொறுக்குமா?"

"இது கடலா?"

"இல்ல..."

"நீதான குட்டைன்ன? குட்டைல இன்னாய்யா சாங்கியம்?"

சொல்லிவிட்டு ஜம்மென்று படகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கடலோரத்திலேயே பிறந்து, கடலோரத்திலேயே வாழ்க்கைப்பட்ட பெண், முப்பத்தாறு வயசில் முதல் தடவையாகப் படகில் உட்கார்ந்தாள். தண்ணீரில் கையை விட்டு, "சில்லுனு கீதுய்யா!" என்றாள்.

படகுக்காரன் துடுப்போடு ஏற வந்தான். ரகுபதி அவன் கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கினான்.

"நீ எறங்கு நைனா. பதினாலு வயசுலேர்ந்து வலிக்கிறவன் நானு. எனக்கு இன்னொருத்தன் வலிக்கிறதா? ராயபுரத்துல தெரிஞ்சா காறித் துப்புவானுங்க."

"அண்ணே, ரெண்டு துடுப்பு. இப்படித் திரும்பி உக்காந்து வலிக்கணும்."

"போற பக்கம் முதுகக் காட்டிகினா? எவன்டா அப்புடி வலிப்பான்? எதுத்தாப்புல சொறா வந்தா முதுகாலயா பாப்பே?"

ஒரு துடுப்பைக் கரையிலேயே விட்டெறிந்தான். கட்டுமரத்தில் நிற்பதுபோல முன்பக்கம் மண்டி போட்டான். இன்னொரு துடுப்பைக் கோபம் அத்தனையும் சேர்த்து ஒரு பக்கமாக வலித்தான்.

படகு வட்டம் சுற்றிற்று.

மறுபடி வலித்தான். இன்னொரு வட்டம். கட்டுமரத்தைத் திருப்புகிற கை வேறு. இந்தத் தொட்டி மாதிரி மரத்தைத் திருப்புகிற கை வேறு. அது அவனுக்குப் புரியவில்லை. புரியாததால் இன்னும் பலமாக வலித்தான். படகு பம்பரமாயிற்று. கரையில் கூட்டம் கூடிவிட்டது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கைதட்டினார்.

"யோவ், அந்தத் தொப்பி அந்தாண்ட பக்கம் போவுதுய்யா!"

"தெரியும்!"

"இப்ப இந்தாண்ட பக்கம் போவுது!"

"அது போவல மே! நாமதான் சுத்திகினு கீறோம்! வாய மூடு!"

எட்டாவது சுற்றில் குணசுந்தரி சிரிக்க ஆரம்பித்தாள். தேர்த் திருவிழா ராட்டினத்தில் உட்கார்ந்த பெண் மாதிரி, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒரு வழியாகப் படகுக்காரன் இன்னொரு படகில் வந்து கயிறு போட்டு இழுத்துப்போய்க் கரை சேர்த்தபோது, வெள்ளைத் தொப்பி எதிர்க்கரையில் இறங்கி எங்கேயோ போய்விட்டது. வங்காள விரிகுடாவில் அலைக்கழிந்து பிழைத்து வந்தவனைக் குட்டையில் கயிறு கட்டி இழுத்தார்கள். ரகுபதிக்கு அவமானத்தில் காது மடல் எரிந்தது.

"எங்க அந்த ஆளு?"

குணசுந்தரி மறுபடி படகுத்துறை ஆளிடம் போனாள். மறுபடி குசுகுசு. மறுபடி கை நீட்டல்.

"பூந்தோட்டத்துக்குப் பூட்டாராம்."

"பூ பாக்கவா? பூவு! அஞ்சு குடும்பம் இங்க நாறிகினு கீது, அவன் பூ மோந்து பாக்கப் பூட்டானா? மேலதிகாரிக்கு எயுதிப் போடப்போறேன் பாரு!"

"எயுத வேற தெரியுமா உனுக்கு?"

"உன்ன வுட்டு எயுதுவேன்!"

பூந்தோட்டத்துக்கு இன்னொரு கருவாடு போயிற்று. சௌக்கத் அலி அதை வாங்கி, தலையணை மாதிரி பத்திரமாகப் பக்கத்து ஸீட்டில் சாய்த்து வைத்தார். வழியெல்லாம் இது இன்ன பங்களா, அது இன்ன மரம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரகுபதி பல்லைக் கடித்துக்கொண்டே வந்தான். குணசுந்தரி மட்டும் கயிறு கட்டிய கதவு வழியாகத் தலையை நீட்டி, "அது இன்னா பாய்? இது இன்னா பாய்?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

தோட்டத்து வாசலில் காவல்காரன் வழியை மறித்தான்.

"மூட்டை உள்ளே போகக்கூடாது. நாத்தம் தாங்கல."

"நாத்தமா? டேய், இது வஞ்சிரம்டா கய்தே!"

குணசுந்தரி புருஷனை இழுத்துக்கொண்டு ஒரு மரத்துக்குப் பின்னால் போனாள். சௌக்கத் அலியிடம் மூட்டையை விட்டுப்போக ரகுபதி தயாராக இல்லை. அந்த ஆள் கருவாட்டைப் பார்க்கிற பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் குணசுந்தரிதான் வழி கண்டுபிடித்தாள். காலையில் சத்திரத்தில் வாங்கிப் போர்த்திக்கொண்டு வந்த கம்பளியில் மூட்டையைச் சுற்றி, மேலே தன் மாற்று ரவிக்கையை மடித்துக் குல்லாய் மாதிரி செருகி, ரகுபதியின் தோளில் சாய்த்து வைத்தாள்.

"தட்டிக் குடுத்துகினே வா."

ஆறடி உயரம், கரிய உடம்பு, கடற்காற்றில் சிவந்த கண், முகமெல்லாம் கோபம், தோளில் ஒரு குழந்தை. ரகுபதி கருவாட்டைத் தட்டிக்கொண்டே ஊட்டி பூந்தோட்டத்துக்குள் நுழைந்தான்.

குணசுந்தரி ஒவ்வொரு பாத்தியிலும் நின்றாள். "ஆபீசரு இங்க குனிஞ்சு பாத்துகினு இருந்தாலும் இருப்பாரு" என்று சொல்லி ஒவ்வொரு பூவையும் குனிந்து பார்த்தாள். நீலத்தில் ஒரு ரோஜா மாதிரி பூ. தட்டு அகலத்தில் ஒரு மஞ்சள் பூ. கண்ணாடி வீட்டுக்குள்ளும் போய் ஒரு சுற்று வந்தாள்.

"கண்ணாடிக்குள்ள பூ வெச்சுகீறாங்கய்யா! பெட்டிக்குள்ள வளையல் வெக்கிற மாரி!"

"ஆபீசர் கீறானா அதுக்குள்ள?"

"இல்ல."

"அப்ப வெளிய வா!"

புல்வெளியில் பட்டுப்புடவை கட்டிய ஒரு மதராஸ் அம்மாள் எதிரே வந்தாள். ரகுபதியைப் பார்த்து நின்றாள். ஆம்பிளை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறானே என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது.

"குழந்தைக்கு எத்தனை மாசம்?"

ரகுபதி பெண்டாட்டியைப் பார்த்தான். கரையில் பேசுவது அவள் வேலை.

"ஆறு மாசம்மா," என்றாள் குணசுந்தரி.

"அசையவே இல்லையே! குளிர் ஒத்துக்கலையோ? முகத்தைக் காட்டேன்."

"வாணாம்மா, இப்பத்தான் தூங்குது."

"ஒரு தடவை பார்க்கிறேன்" என்று அந்த அம்மாள் ஆசையாகக் கம்பளியை விலக்கினாள். உள்ளே வால் இருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் காவல்காரன் மட்டுமில்லை, தோட்டக்காரர்கள் நாலு பேர் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். ரகுபதி பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான். பின்னால் குணசுந்தரி. அவளுக்குப் பின்னால் எங்கிருந்தோ வந்த மூன்று நாய்கள். காரில் விழுந்து கதவுக் கயிற்றைக் கட்டியபோது அவனுக்கு மூச்சு இரைத்தது.

"போதும்! எனக்கு நூலும் வாணாம், வலையும் வாணாம். பங்களாவுக்கு வுடு பாய். வாசல்லயே குந்திகினு கீறேன். வந்தா வரட்டும்."

"அங்க இன்னாத்துக்குய்யா?" என்றாள் குணசுந்தரி அவசரமாக. "தோட்டக்காரரு எங்கிட்ட சொல்ட்டாரு. ஆபீசரு குடும்பத்தோட மலை உச்சிக்குப் பூட்டாராம். தொட்டபெட்டாவாம். அங்க போனா ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. உச்சிக்கு மேல எங்க போவாரு? கப்புனு புடிச்சுடலாம்."

ரகுபதிக்கு அது நியாயமாகப் பட்டது. உச்சிக்கு மேல் ஒன்றும் இல்லைதான்.

"மேடு ஜாஸ்தி. ரெண்டு கருவாடு," என்றார் சௌக்கத் அலி.

"வாங்கித் தொலை!" என்றான் ரகுபதி. ஆபீசருக்கு இனி மிச்சம் ரெண்டே ரெண்டு.

கார் மூன்று இடத்தில் நின்று, இரண்டு இடத்தில் பின்னால் போய், ஒரு வழியாக மேலே ஏறிற்று. உச்சியில் இறங்கினால் ஒன்றுமே தெரியவில்லை. எங்கும் பால் கொட்டினமாதிரி பனி. ஆபீசரும் இல்லை, குடும்பமும் இல்லை, மலையும் இல்லை.

"பாய், எங்கய்யா மலை?"

"இதான் அண்ணே மலை. நீங்க அதும் மேலதான் நிக்கறீங்க."

குணசுந்தரி பனிக்குள் நடக்க ஆரம்பித்தாள். ரகுபதி பின்னால் போனான். கார் நின்ற இடம் மறைந்துபோயிற்று. சௌக்கத் அலி "தூரமா போகாதீங்க, வழி தவறிடும்!" என்று கத்தினார்.

"யாருக்கு?" என்று ரகுபதி திருப்பிக் கத்தினான். "ரெண்டு நாள் நடுக்கடல்ல கெடந்துட்டு நேரா எங்கூட்டு வாசலுக்கு கட்டுமரத்த இட்டாறவன் நானு! எனக்கு வழி சொல்றியா?"

கடலில் அவன் இடம் கண்டுபிடிக்கிற வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். கரையிலே மாதா கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பனைமரத்தையும் நேர்கோட்டில் வைத்துக்கொண்டால், எந்தத் தண்ணீரில் நிற்கிறோம் என்று அடி பிசகாமல் சொல்லிவிடலாம். இங்கேயும் அதையே செய்தான். பனிக்கு நடுவே கறுப்பாக ஒரு பாறை தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு மொட்டை மரம். இரண்டையும் ஒரே கோட்டில் பிடித்து மனசில் முடிச்சுப் போட்டான்.

அரை மணி நேரம் உச்சியெல்லாம் தேடினார்கள். ஒரு ஆட்டிடையன் தவிர யாரும் இல்லை.

"சரி வா. வழி என்கைல கீது," என்று ரகுபதி திரும்பினான். மொட்டை மரம் இருந்தது. பாறையும் இருந்தது, ஆனால் கொஞ்சம் தள்ளி இருந்தது. அதற்கு ஏற்ப அவனும் தள்ளி நடந்தான். மறுபடி பார்த்தான். பாறை இன்னும் தள்ளி இருந்தது. அவனும் இன்னும் தள்ளிப் போனான். இப்படியே பள்ளத்தில் இறங்கி, உருளைக்கிழங்குத் தோட்டத்தில் முழங்கால் அளவு சேற்றில் நின்றபோது பாறை தலையைத் திருப்பி அவனைப் பார்த்து "ம்ம்மா" என்றது.

"எருமய்யா அது!" என்றாள் குணசுந்தரி.

"தெரியுது!"

"எருமைய வெச்சா வழி பாத்துகினு வந்தே?"

"கடல்ல எருமை கெடையாது! இந்த ஊர்ல ஒரு எயவும் நின்ன எடத்துல நிக்காது! ஆபீசரும் நிக்க மாட்டான், பாறையும் நிக்காது!"

அப்போதுதான் பனி சட்டென்று விலகிற்று. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மலை, மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் நீலமாக இன்னொரு மலை. குணசுந்தரி சேற்றில் நின்றபடியே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"அலை மாரியே கீதுய்யா."

"அலைன்னா வந்துகினு போவணும். இது இன்னா, நின்னுகினே கீது?" என்றான் ரகுபதி. ஆனால் அவனும் ஒரு நிமிஷம் பார்த்தான். பார்த்ததே அவனுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து வெடித்தது.

"உனுக்கு இன்னாடி, குஜாலா கீது! காலைலேர்ந்து ஈன்னு இளிச்சுகினு வர்றே! நாளைக்கு மத்தியானம் டிப்போ மூடிடுவான். அந்த நாலு பேரும் மணல்ல குந்திகினு என் மூஞ்சியப் பாப்பானுங்க. ஆறு மாசம் இன்னொருத்தன் மரத்துல கூலிக்குப் போவணும், தெரிமா? எங்கப்பன் காலத்துலேர்ந்து எவன் கிட்டயும் கூலிக்கு நின்னதில்ல நாங்கோ. மானம் போவுது! உனுக்கு மலை அலை மாரி கீதா?"

குணசுந்தரி சிரிப்பை நிறுத்தினாள். புடவைத் தலைப்பால் அவன் முகத்தில் தெறித்திருந்த சேற்றைத் துடைத்தாள்.

"எல்லாம் நடக்கும்யா. இன்னா மணி ஆவுது? மூணு இருக்குமா? மூணரைக்குக் கெளம்புனா பஸ்ஸுக்கு சரியா இருக்கும்."

"பஸ்ஸாம் பஸ்ஸு! வெறுங்கைய வீசிகினு போவவா?"

"இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போலாம்யா. பனி மறுபடி மூடறதுக்குள்ள."

இப்படி ஒரு பொம்பளையை அவன் பார்த்ததே இல்லை. வீடு பற்றி எரியும்போது வெளிச்சம் நல்லா கீது என்று சொல்லுவாள் போலிருக்கிறது.

சௌக்கத் அலியே அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் காரில் ஏற்றினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மிச்சமிருந்த இரண்டு கருவாடும் போயிற்று. சேறு துடைக்கிற கூலியும் அதில் அடக்கம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இறக்கிவிட்டு, ஆறு கருவாட்டையும் கம்பளிக்குள் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு, குணசுந்தரிக்குப் பெரிய சலாம் போட்டார்.

"அடுத்த வருஷமும் வாங்கம்மா!"

"செருப்பால அடிப்பேன்!" என்றான் ரகுபதி.

நாலரை மணி பஸ் புகை விட்டுக்கொண்டு நின்றது. ஜன்னல் ஓரத்து ஸீட்டில் குணசுந்தரி உட்கார்ந்து, வாங்கி வைத்த கேரட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ரகுபதி கீழே நின்று பீடி குடித்தான். அந்த நாலு பேரிடமும் என்ன சொல்வது என்று யோசித்தான். ஏரி என்று சொல்வதா? பூ என்று சொல்வதா? எருமை என்று சொல்வதா?

அப்போது வெற்றிலைக் கடைப் பக்கம் ஒரு பெரிய மீசையும் சிவப்பு டவாலியும் தெரிந்தது.

ரகுபதி பீடியைக் கீழே போட்டு மிதித்தான். காலையில் கேட்டைத் திறந்த அதே சேவகர். சவரிநாதன் என்று கடைக்காரன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ரகுபதியின் கால் தானாக நடக்க ஆரம்பித்தது.

"யோவ்! எங்க போறே?" என்று ஜன்னலிலிருந்து குணசுந்தரி கேட்டாள்.

"பேசப் போறேன்."

"யாரு? நீயா?"

"நான்தான். கேட்டுட்டுத்தான் வருவேன் இன்னிக்கு."

குணசுந்தரி கையிலிருந்த கேரட் கீழே விழுந்தது. காலையிலிருந்து மலையும் ஏரியும் பார்த்து மலர்ந்திருந்த முகம் ஒரே நொடியில் வெளுத்துப்போயிற்று.

"வாணாம்யா! நீ பேசுனா காரியம் கெட்டுப் பூடும்! நான் வர்றேன், நான் பேசறேன்! யோவ், பஸ்ஸு கெளம்புது! ஏறுய்யா! டிரைவரு, ஹாரன் அடிப்பா!"

ரகுபதி திரும்பிப் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷத்துப் பேச்சு அத்தனையும் அவன் தொண்டையில் வந்து நின்றது. நேராகப் போய் அந்தச் சிவப்பு டவாலிக்கு எதிரே மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"இன்னாய்யா நெனச்சுகினு கீறீங்க நீங்கல்லாம்? ஏழை பாழைன்னா அவ்ளோ தொக்கா? கடலு தாண்டி... இல்ல, மலை தாண்டி வந்தவன அலைய வுட்டு வேடிக்க பாக்கறீங்களா? ஏரிக்குப் போனா பூந்தோட்டம், பூந்தோட்டத்துக்குப் போனா மலை! ஒரு கையெய்த்துக்கு ஒரு மனுசன் எருமை பின்னால போவணுமா? எங்கய்யா உங்க ஆபீசரு? சொல்லு! எங்க கீறான்?"

சவரிநாதன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அவனையும் பஸ் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி இப்படிச் சத்தம் போடுதிய? ஐயா இன்னைக்கு வாசப்படிய விட்டே எறங்கல. காலையில நீங்க வந்த கையோட கையெழுத்தும் போட்டு, முத்திரையும் குத்தி, உங்க வீட்டம்மா கையில குடுத்தாச்சே! 'சாயந்தரம் பஸ்ஸு வரைக்கும் இந்த ஊர்ல என்னல்லாம் பாக்கலாம்'னு அவுக கேட்டாக, ஏரி, பூந்தோட்டம், மலை உச்சின்னு நாந்தான வரிசையாச் சொல்லி விட்டேன். ஒண்ணும் விடாமப் பாத்துட்டியளா?"